ஐந்தாம் அறையின் புகார்

“மேடம், அஞ்சாம் ரூம் தாத்தா என்னைக் கண்டபடி திட்டிட்டார்.”

மேல்மாடி வார்டிலிருந்து அன்று காலைதான் மாற்றலாகி வந்திருந்த நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருந்துச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஷிப்ட் இன்சார்ஜின் பேனா அப்படியே நின்றது.

“என்ன சொன்னார்? ஒரு வார்த்தை விடாம சொல்லு.”

“‘இது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியா?’ன்னு கத்தினார். சர்க்கரை போட மறந்துட்டேன் மேடம். என் தப்புதான்.”

இன்சார்ஜ் சட்டென்று எழுந்தாள். டாக்டருக்குப் போன் போட்டாள். அடுத்து, பெரியவரின் மகளைப் பிடித்து, “லைன்லயே இருங்க” என்றாள். மற்ற நர்ஸுகளையும் கூப்பிட்டுக்கொண்டு ஐந்தாம் அறைக்கு விரைந்தாள்.

ஒரு டீக்கு இவ்வளவு பெரிய விசாரணையா? வேலை போனதுதான் என்று நினைத்தபடி புதியவளும் பின்னால் ஓடினாள்.

இன்சார்ஜ் போனைப் பெரியவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “ஐயா, டீ எப்படி இருந்ததுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க.”

“வாயில வைக்க முடியல! போதுமா?”

போனில் மகள் ஓவென்று அழுதாள். நர்ஸுகள் கைதட்டினார்கள். புதியவள் திருதிருவென்று விழித்தாள்.

“காலையில டியூட்டி மாத்தும்போது உனக்குச் சொல்ல விட்டுப்போச்சும்மா,” என்று இன்சார்ஜ் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். “இவர் சம்சாரம் தவறி எட்டு மாசமாச்சு. அன்னையிலேருந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசினதில்ல.”

பெரியவர் போனை வாங்கிக்கொண்டார்.

“அழாதேம்மா. வரும்போது கொஞ்சம் சர்க்கரை வாங்கிட்டு வா.”