தலைவருக்கு மட்டும் பூரி இல்லை

தில்லைநாதனுக்கு மூன்று வாரமாகப் பூரி கிடைக்கவில்லை.

கடலூர் பீச் ரோட்டில் அரசு எட்டு கிலோமீட்டர் நடைபாதை திறந்து மூன்று வாரம். நடப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். நடை முடியும் இடத்தில் காத்தவராயன் டிபன் கடை.

தில்லைநாதனுக்குச் சர்க்கரை இருநூற்று எண்பது. இறங்காவிட்டால் கண்ணில் ஊசி என்று சிதம்பரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் நடை. நடந்ததற்கு அவர் கேட்ட கூலி, பூரி.

"ஒரு செட் பூரி."

"தீந்துபோச்சு தலைவரே. கேழ்வரகு அடை தரட்டா?"

தினமும் இதே பதில். காலை ஆறரை மணிக்கே தீர்ந்துவிடுமாம்.

நடை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடும் சங்கத்து நண்பர் ராபர்ட், அன்று அவரோடு உட்கார்ந்தார். ராபர்ட் தட்டில் பூரி வந்தது. உப்பலாக, ஆவி பறக்க.

தில்லைநாதன் எழுந்து நேரே அடுப்படிக்குப் போனார். தாம்பாளம் நிறையத் தேய்த்து வைத்த பூரி.

"இது என்னய்யா?"

காத்தவராயன் நிமிரவில்லை. "பூரி தலைவரே."

"தீந்துபோச்சுன்னே?"

"உங்களுக்குத் தீந்துபோச்சு."

கடையே சிரித்தது.

"திமிரா? நாளைலேருந்து எங்க சங்கத்து ஆளு ஒருத்தன் இங்க கால் வெக்க மாட்டான். பாக்கறியா?"

சங்கத்தில் நாற்பது பேர். காத்தவராயனின் காலை வியாபாரமே அவர்கள்தான்.

காத்தவராயன் கையைத் துடைத்துக்கொண்டு சுவரைக் காட்டினார். 'எண்ணெய், உப்பு, சர்க்கரையைக் குறைப்போம்.' சுகாதாரத் துறை நோட்டீஸ்.

"தொறப்பு விழா அன்னிக்கு ஒட்டினது நீங்க. ஒட்டிட்டு மைக்ல என்ன சொன்னீங்க?"

தில்லைநாதனுக்கு நினைவில்லை. ராபர்ட்டுக்கு இருந்தது.

"'காத்தவராயா, சர்க்கரைக்காரன் எவன் கேட்டாலும் பூரி போடாதே. நானே கேட்டாலும் போடாதே'ன்னே. கைதட்டல் கூட ஜாஸ்தி மச்சான்."

"அட, அது மேடைக்குச் சொன்னதுய்யா!"

"அது எனக்குத் தெரியலீங்களே தலைவரே," என்றார் காத்தவராயன். "நெசம்னு நெனச்சிட்டேன்."

தில்லைநாதன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அடை வை."

ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் மாத மருத்துவ முகாம். நர்ஸ் இளவரசி விரலில் குத்திப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்தினார்.

"நூத்தி நாப்பத்திரெண்டு! இப்பிடியே இருந்தா கண்ணுக்கு ஊசி வேணாம்னுடுவாங்க சார். மாத்திரை அதேதான். அப்பறம் எப்பிடி? புதுசா எந்த டாக்டரப் பாத்தீங்க?"

தில்லைநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். எதிரே புகையும் அடுப்பைப் பார்த்தார். ஒரு கும்பிடு போட்டார்.

"டாக்டர் இல்லம்மா. டிபன் கடை காத்தவராயன்."