கேப்டனின் பவுடர் டப்பா

"பாருடி, இன்னைக்கும் ரெண்டு ஸ்பூன்!"

உடை மாற்றும் அறையில் வாயாடி கிசுகிசுத்தாள். எதிர் பெஞ்சில் கேப்டன், தசைக்கு வலு தரும் கிரியேட்டின் பவுடரைத் தண்ணீரில் கலக்கி மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கென்ன? நாமளும்தானே குடிச்சோம். தடை பண்ணின மருந்தா அது?" என்றாள் தோழி.

"போட்டி நெருங்குதுன்னு கோச் மேடம் சொன்னதும் நாம நிறுத்திட்டோம்ல? இவங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா? எல்லாம் என்னைக் கவிழ்க்கத்தான்!"

பல்கலைக்கழக ஜூடோ அணியில் ஓர் எடைப் பிரிவுக்கு ஒருத்திதான். ஐம்பத்தேழு கிலோ இடத்துக்குப் போட்டி போட இரண்டு பேர். கேப்டனும் வாயாடியும். மோதிய போதெல்லாம் கேப்டனே ஜெயித்தாள். இந்தத் தடவையும் இடம் கிடைக்காவிட்டால் விளையாட்டை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று வாயாடியின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்; அது அணி முழுக்கத் தெரியும்.

மைதானத்தில் இன்டர்வெல் பயிற்சி. உயிரைக் கொடுத்து ஓட்டம், மூச்சு வாங்கக் கொஞ்சம் நடை, உடனே மறுபடி ஓட்டம். கேப்டன் பறந்தாள். வாயாடி பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"சினிமாவுல இன்டர்வெல்னா உட்காரவாவது விடுவாங்க..."

"பேசுற மூச்சை ஓட்டத்துல காட்டு. வாடி!" கேப்டன் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"டப்பா டப்பாவா பவுடர் குடிச்சா நானும்தான் பறப்பேன்!"

கேப்டன் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக இழுத்தாள்.

அணித் தேர்வு நாள். முதலில் எடை பார்த்தார்கள். கேப்டன் ஏறியதும் கோச் மேடம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"ஐம்பத்தெட்டரையா? என்னம்மா இது! இனி நீ மேல் பிரிவுலதான் இறங்கணும். அங்க வர்றவங்க எல்லாம் மலை மாதிரி இருப்பாங்களே!"

"பரவாயில்ல மேடம். அந்தப் பிரிவுக்கு நம்மகிட்ட ஆளே இல்லையே. நான் பார்த்துக்கறேன்."

மேடம் பெருமூச்சு விட்டு வாயாடியிடம் திரும்பினார். "அப்போ ஐம்பத்தேழுக்கு நீதான். வீட்டுக்குச் சொல்லிடு."

வெளியே வந்ததும் வாயாடி வெடித்தாள்.

"ஜூடோ மேட்ல மோதி ஜெயிக்கணும்னு இருந்தேன். இப்படி ஓசியில இடமா? எல்லாம் அவங்க பேராசை! நிறுத்தாம குடிச்சா உடம்பு தண்ணி பிடிச்சு எடை ஏறும்னு இந்த கேப்டனுக்குத் தெரியாதா?"

தோழி அவளையே பார்த்தாள்.

"அதை நமக்குச் சொல்லிக்கொடுத்ததே அவங்கதானேடி."