முதலிடத்துப் பாட்டு

மகள் அனுப்பியிருந்த பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியை மடிக்கணினியில் மறுபடியும் போட்டேன். எண்பத்திரண்டாம் ஆண்டின் பொப் பாடல் வரிசை அது. முதலிடத்தில் என் மனைவி பெர்னதெத்தின் குரல். வாயசைத்துக்கொண்டு நின்றவளோ வேறொருத்தி. "உங்கட முகம் கமராவுக்குச் சரிவராது" என்று நிகழ்ச்சிக்காரன் ஒருவன் பெர்னதெத்தை வெளியே இருத்திவிட்டு, மினுங்கல் சட்டையோடு அந்த மற்றவளை நிறுத்தியிருந்தான். திரையில் ஓடிய பெயரும் அவளுடையதுதான்.

"கள்ளி! பாட்டு அழுகுது, இவள் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாள்!" என்று கத்தினேன். நாற்பது வருடம் பிந்திவந்து கணினியோடு சண்டை பிடிக்கிற வீரன் நான்.

"கத்தாதேங்கோப்பா, பாட்டுக் கேக்கேல்லை," என்றாள் பெர்னதெத். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அவளிடம் மிஞ்சியிருப்பது வெறும் காற்றுத்தான். அவள் பாடியதில் எங்களுக்குக் கிடைத்திருப்பதும் இந்த ஒரு பாட்டுத்தான்.

"அந்த மூஞ்சியைப் பார்க்கப் பத்தி எரியுதடி!"

மடிக்கணினியை அடித்துச் சாத்தினேன். குரலும் நின்றுபோனது. பெர்னதெத் பார்த்த பார்வையில் அவசரமாகத் திறந்து, பாட்டை முதலிலிருந்து போட்டேன். கோபம் மட்டும் அடங்கவில்லை. தோளில் கிடந்த துவாயை உருவித் திரையை மூடினேன்.

பெர்னதெத் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். துவாய்க்கு அடியிலிருந்து அவளுடைய குரல் வந்தது.