கன்சாஸ் சிட்டியில் மீன்

அவன் கதவைத் தள்ளியதும் மேலே கட்டியிருந்த மணி அடித்தது. மூலை மேசையில் இருந்த மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பேச்சு நின்றது.

அவனுக்கு அந்த மௌனம் தெரியும். ஏழு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தவன். வாசலில் நிருபர் யாராவது தலைகாட்டினால் அவனும் அப்படித்தான் வாயை மூடிக்கொள்வான்.

டயர் கடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இந்த மெக்சிகன் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்தவர் ராமிரோ. கூடப் போனவன் அவன். அவர்கள் வேலை பார்த்த பேஸ்பால் அணி எந்த ஊரில் இறங்கினாலும் ராமிரோ ஹோட்டலில் விசாரிக்க மாட்டார், போனில் தேட மாட்டார். நேரே மைதானத்துக்குப் போய், புல் வெட்டுகிறவர்களிடம், மத்தியானம் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். டெட்ராய்ட், பிட்ஸ்பர்க், மில்வாக்கி, எங்கேயும் அந்த வழி கைவிட்டதில்லை.

ராமிரோ அணியின் பயிற்சி கேட்சர். ஆட்டத்தில் இறங்க மாட்டார். இறங்கப்போகிறவர்கள் வீசும் பந்தை ஓரமாக நின்று பிடித்துக் கொடுப்பார். அவனுடைய வேலை, வீசுகிறவர்களின் தோளை வீடியோவில் பார்த்துக் கோளாறு சொல்வது. திண்டுக்கல்லில் கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறெதையும் தொடாமல் வளர்ந்தவன், எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். செங்குட்டுவன் என்ற பெயர் ராமிரோவின் வாயில் நுழையவில்லை. செங்கோ என்று கூப்பிட்டார்.

முதல் நாளே சல்சா என்கிற மிளகாய்ச் சட்னிக் கிண்ணத்தை அவன் வழித்துத் தின்பதைப் பார்த்து, "இவ்ளோ காரம் திங்கிறவன் நம்மாளுதான்டா," என்றார்.

அந்த நாட்டில் அவனை நம்மாள் என்று சொன்ன ஒரே வாய் அது.

நிருபர்களுக்கென்று ராமிரோ ஒரு வைத்தியம் வைத்திருந்தார். கன்சாஸ் சிட்டியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் எந்தப் பக்கம் போனாலும் நாள் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். இந்தக் கடையின் மீனைக் கடைக்காரியே வாயில் வைக்க மாட்டாள். இங்கே என்ன நன்றாக இருக்கும் என்று யாராவது நிருபர் கேட்டால், ராமிரோ பாதிரியார் முகத்தோடு மீனைக் காட்டுவார். அந்த ஆள் சாப்பிட்டு, கை குலுக்கி, வெளியே போய், கதவு மணி அடங்கும்வரை எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். பிறகு வெடிக்கும். முதலில் வெடிப்பவன் அவன். கடைசியில் இருமலும் சிரிப்புமாக ராமிரோ.

ஆட்டத்தை விட்டுப் பேனா பிடித்தவர்களும் இந்த மேசைக்கு வந்து போயிருக்கிறார்கள்.

அவர்களுக்கும் மீன்தான்.

போன வருஷம் அணி அவனை வீட்டுக்கு அனுப்பியது. ஒரு விளையாட்டுப் பத்திரிகை கூப்பிட்டது. வாரம் ஒரு கட்டுரை. மேலே அவன் படம், கீழே 'அணியின் உள்விவரம் அறிந்தவர்' என்று ஒரு வரி. அறிந்ததெல்லாம் நாலைந்து கட்டுரைகளில் தீர்ந்துவிட்டது.

ஆனால் இந்த மேசையில் கேட்டதில் ஒரு சொல்லைக்கூட அவன் எழுதவில்லை. யாருக்குத் தோள் வலி, யாருடைய மனைவி பெட்டியைக் கட்டிவிட்டாள், எல்லாம் அவன் வயிற்றுக்குள்ளேயே இருந்தன. அது ராமிரோவுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினான். ஆட்டத்தைப் பார்த்து எழுதப்போவதாக ஆசிரியரிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறியிருந்தான். உண்மையில் வந்தது இந்த மேசையில் ஒரு நாற்காலிக்கு.

"வாங்க வாங்க. உக்காருங்க."

ராமிரோ எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். முன்பெல்லாம் இருந்த இடத்திலிருந்தே காலால் தள்ளிவிடுவார்.

பக்கத்தில் இருந்த புதுப் பயிற்சியாளரிடம், "இவர் பத்திரிகையில எழுதுறவர்," என்றார்.

அவ்வளவுதான்.

வெயிலைப் பற்றிப் பேசினார்கள். விமானம் தாமதமானதைப் பற்றிப் பேசினார்கள். வீட்டில் பிள்ளைகள் சௌக்கியமா என்று புதியவர் மரியாதைக்குக் கேட்டார். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ராமிரோவுக்கு அது தெரியும். திருத்துவார் என்று பார்த்தான். ராமிரோ தண்ணீர் குடித்தார்.

சௌக்கியம் என்றான்.

கடைக்காரி வந்து நின்றாள். அவனுக்கு எப்போதும் மாட்டு நாக்கு வைத்து மடித்த டாக்கோ ரொட்டிதான், இரண்டு கிண்ணம் பச்சைச் சல்சாவோடு. ஒரு நாளும் அவன் வாய் திறந்து கேட்டதில்லை. ராமிரோதான் சொல்வார். இன்றும் சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

ராமிரோ மெனு அட்டையை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"இங்க மீன் நல்லா இருக்கும்."

கண்ணடிப்பார் என்று பார்த்தான். புதியவர் சிரிப்பார் என்று பார்த்தான். யாராவது ஒருவர் இப்போதே சிரித்துவிட்டால் போதும், கேலி அவன் மேல் என்றாலும் அது நம்மாள் மேல் செய்யும் கேலி.

ராமிரோவின் முகத்தில் மரியாதை மட்டும்தான் இருந்தது.

மீனே கொண்டுவரச் சொன்னான். கடைக்காரி ஒருமுறை ராமிரோவைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எலுமிச்சையைப் பிழிந்தும் வாடை அடங்கவில்லை. ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். நன்றாக இருந்தது என்று சொல்லி மூவரிடமும் கை குலுக்கினான்.

கதவு அவன் பின்னால் மூடிக்கொண்டது.

போயிருக்கலாம். கால் நகரவில்லை.

மணி அடங்கியது. உள்ளே ஒரு சிரிப்பு வெடித்தது. அதன் மேல் இன்னொன்று. இரண்டும் ராமிரோவுடையவை அல்ல. அவருடையது கடைசியில்தான் வரும். நடைபாதையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் பார்த்து டயர் கடையில் காற்றடிக்கிற மெஷின் ஓடத் தொடங்கியது. அதன் இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை.

மெஷினை யாராவது நிறுத்திவிடுவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தான்.