சுடரின் குரல்

சுடர் பேசினால்தான் தம்பி நந்தன் சாப்பிடுவான். அவள் பாடினால்தான் குளிப்பான். அவள் அதட்டினால்தான் சுவரில் தலையை முட்டுவதை நிறுத்துவான். அவனைவிட நாலே வயது மூத்தவள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக்கூட அவள் போனதில்லை. அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தபோது பெற்றோர் ஒரு பராமரிப்பு இயந்திரம் வாங்கினார்கள். அவள் குரலையும் கைப்பக்குவத்தையும் அதற்குப் பழக்கிவிட்டுத்தான் அவளை அனுப்பி வைத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்துத் தீபாவளிக்கு வந்தவள், பையை இறக்கி வைப்பதற்கு முன்பே, "நந்து, அக்கா வந்துட்டேன்டா!" என்று கைகளை விரித்தாள். நந்தன் அவளையும், பக்கத்தில் அதே குரலில் பேசிக்கொண்டிருந்த இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு காதைப் பொத்திக்கொண்டு அலறினான்.

அம்மா அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "ஒரே குரல் ரெண்டு பக்கமும் கேக்குல்லா, மிரண்டுட்டான். இருக்கிற வரைக்கும் நீ அவன் முன்னால பேசாதளா."

"அதக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கக் கூடாதாம்மா?"

"ரிப்பேர்னு ஒருநாள் நிறுத்துனதுக்கே சோறு தண்ணி இல்லாமக் கெடந்தான்."

அன்றிலிருந்து சுடர் சொந்த வீட்டில் வாய் திறக்காமல் நடமாடினாள்.

தீபாவளியன்று காலை இயந்திரம் நந்தனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சுடரைக் காட்டி, "அக்கா, அது யாரு?" என்று அதனிடம் கேட்டான்.

"நம்ம வீட்டுக்கு வந்திருக்கிற விருந்தாளிடா கண்ணு," என்றது சுடரின் குரல். "வணக்கம் சொல்லு."

நந்தன் சமர்த்தாகக் கைகூப்பினான். சுடர் உதட்டைக் கடித்துக்கொண்டு, பதிலுக்குத் தானும் கைகூப்பினாள்.