பூட்டு வேண்டாம்

மாலை வெயில் மாடிப்படியில் சாய்ந்து கிடக்கிறது. மாதக்கணக்கில் வாடகை தராத தையல்காரரின் கதவுக்கு வெளியே வீட்டுக்காரம்மா நிற்கிறாள். பக்கத்தில் அவள் தம்பி புதுப் பூட்டைக் கையில் உருட்டிக்கொண்டே துடிக்கிறான்.

"இன்னிக்கே பூட்டிடலாம்க்கா. இல்லன்னா கரண்ட் ஃபியூஸைப் புடுங்கிடறேன்."

உள்ளே தையல் மெஷின் சட்டென்று நிற்கிறது.

"பூட்டினா தப்பு நம்ம பக்கம் வந்துடும்டா," என்கிறாள், குரலைத் தாழ்த்தாமல். "கையில வக்கீல் நோட்டீஸ் இருக்கு. பாக்கியைக் கட்டினா இருக்கட்டும். இல்லன்னா கோர்ட்டே காலி பண்ண வைக்கும். என் வீட்டைத் திரும்ப வாங்க நான் எதுக்கு ரவுடித்தனம் பண்ணணும்?"

இதுவரை எத்தனை முறை தட்டியும் திறக்காத கதவு தானாகத் திறக்கிறது. கழுத்தில் டேப்போடு தையல்காரர் தலை குனிந்து நிற்கிறார்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு எனக்கே அலுத்துப்போச்சும்மா. மாசக் கடைசியில காலி பண்ணிடறேன்."

"சந்தோஷம்," என்று சிரித்தபடியே அவள் நோட்டீஸை நீட்டுகிறாள். "இதையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."