வண்டியில் பிரசவம் கிடையாது

“வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது?” ஓட்டுநர் திரும்பாமலே கேட்டார்.

“நாலு. நீங்க ரோட்டைப் பாருங்க,” என்றார் மேஜர்.

ராணுவ ஆம்புலன்ஸ் துள்ளிக் குதித்து ஓடியது. ஸ்ட்ரெச்சரில் போர்வைக்குள் கிடந்த உருவம், “ஐயோ அம்மா, என்னால முடியலையே!” என்று ஈனக்குரலில் முனகியது.

“பயப்படாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க,” என்றாள் நர்ஸ்.

எதிர்ப் பலகையில், வரைபடத்தை முன்னால் விரித்துப் பிடித்தபடி மேஜர் உட்கார்ந்திருந்தார். போர் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் எத்தனை படுக்கை, எத்தனை ரத்தப் பை, எந்தச் சாலை என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற ராணுவ மருத்துவத் திட்ட அதிகாரி அவர். இன்றைய பயணத்துக்கும் ஆறு பக்கத்தில் ஒரு திட்டம். ஓட்டுநருக்கு ஒரு நகல், நர்ஸுக்கு ஒரு நகல்.

“மேஜர், குழந்தை வண்டியிலயே பொறந்துட்டா?” என்றார் ஓட்டுநர்.

“என் திட்டத்துல அப்படி ஒரு பக்கமே கிடையாது!”

“அப்ப குழந்தைக்கும் ஒரு நகல் குடுத்திருக்கலாம்,” என்று நர்ஸ் முணுமுணுத்தாள்.

வண்டி சட்டென்று நின்றது.

“பாலத்து மேல லாரி கவுந்து கிடக்கு, மேஜர். ரோடு பூரா மெத்தை!”

“எத்தனை மெத்தை?”

“மேஜர்!”

“சரி சரி, பழக்க தோஷம். மாற்று வழி ரெண்டு, சந்தைத் தெரு. திருப்புங்க!”

சந்தைத் தெருவில் யாரோ பதறிப்போய்க் கூடையைக் கீழே போட, நாலு கோழிகள் ஆம்புலன்ஸுக்கு முன்னால் தலைதெறிக்க ஓடின.

“மேஜர், நமக்கு முன்னால பைலட் வண்டி போகுது!”

“அண்ணே, வாயை மூடிட்டு ஹாரனை அடிங்க!” என்ற நர்ஸுக்கே சிரிப்பு பீறிட்டது. மேஜரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாதியில் பலகையை இறுகப் பிடித்துப் பல்லைக் கடித்தார்.

“சிரிக்க வைக்காதீங்கய்யா! வலி இப்ப மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை. இன்னும் வேகமா!”

“நான் இங்க சாகக் கிடக்கேன், உங்களுக்குச் சிரிப்பா?” என்றது ஸ்ட்ரெச்சர்.

“நீ சும்மா படு!” என்று மேஜர் எரிந்து விழுந்தார்.

“பாவம், மேஜர். இந்த நேரத்துலயா திட்டுறது?” என்றாள் நர்ஸ்.

ஆம்புலன்ஸ் மருத்துவமனை வாசலில் கிறீச்சிட்டு நின்றது. இரண்டு தாதிகள் பாய்ந்து வந்து ஸ்ட்ரெச்சரை இழுத்தார்கள்.

“பிரசவ அறைதானே? வழி விடுங்க, வழி விடுங்க!” ஒருத்தி போர்வையை விலக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள். “என்ன இது, மீசை இருக்கு?”

“என் வீட்டுக்காரர்தான். முதல் வலிக்கு நான் கத்தினேன், அவர் மயங்கி விழுந்துட்டார்,” என்றபடி, வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார் மேஜர். “அவரை ஓரமா நிறுத்திட்டு, என்னை உள்ள கூட்டிட்டுப் போங்கம்மா!”